புதன்கிழமைகளில் நின்ற லிஃப்ட்

அவரை எல்லோரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்கள் கிரீஸ் அண்ணன் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு டப்பா கிரீஸை முழுசாகச் சட்டையில் கவிழ்த்துக்கொண்டதால் வந்த பெயர். வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டு எழுதுகிறவருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார். கீழ்த்தளத்தில் நின்று பொத்தானை அழுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். "மூணாவது மாடிக் கதவுல ரோலர் தேஞ்சு போச்சு" என்பார். ஏறிப் போய்ப் பார்த்தால் தேய்ந்திருக்கும். யாராவது ஆச்சரியப்பட்டால், "இதுல என்ன இருக்கு, என் சம்சாரம் பாத்திரம் வைக்கிற சத்தத்துலயே அன்னிக்கு என்ன கோபம்னு சொல்லிடுவேனே" என்பார்.

ஒரு நாள் காலையில், லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கும்போது இரும்பு ஏணியில் கால் வழுக்கிவிட்டது. ஆள் உயரம்கூட இல்லை. ஆனால் முட்டி திருகிக்கொண்டது. அறுவை சிகிச்சை முடிந்து, மூன்று மாதம் காலை நீட்டி உட்கார்ந்த பிறகு டாக்டர் சொன்னார்: "நடக்கலாம். மாடிப்படி மெதுவா ஏறலாம். ஏணிய மட்டும் மறந்துடுங்க."

ஏணியை மறந்துவிட்டால் லிஃப்ட் மெக்கானிக்குக் கையில் என்ன மிச்சம் இருக்கும்? அவர் பார்த்துக்கொண்டிருந்த லிஃப்டுகளை எல்லாம் நெட்டையிடம் கொடுத்தார்கள். நெட்டை அவரைவிடப் பத்து வயது இளையவன், ஆறடிக்கு மேல் உயரம். பதினான்கு வருடம் இருவரும் ஒரே வண்டியில் போய் வந்தவர்கள். சாவிக்கொத்தை வாங்கும்போது நெட்டைக்குக் கண் கலங்கிவிட்டது. "கால் சரியானதும் திருப்பிக் குடுத்துடுவேண்ணே" என்றான். சரியாகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கிரீஸுக்கு ஆபீசில் ஒரு மேஜை போட்டார்கள். ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. லிஃப்ட் கம்பெனியின் ஆபீசுக்கு லிஃப்ட் கிடையாது. தினமும் கைப்பிடியைப் பிடித்துப் பத்தொன்பது படி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு உட்காருவார். மேஜைக்குக் கீழே பதினோரு அட்டைப்பெட்டி. வருடத்துக்கு ஒன்று.

பெட்டிக்குள் வேலைச் சீட்டுகள். எங்காவது லிஃப்ட் நின்று, மெக்கானிக் போய் வந்தால் ஒரு சீட்டு எழுத வேண்டும். எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட், நாள், நேரம், என்ன கோளாறு, என்ன செய்தோம், கீழே கையெழுத்து. அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு. பாதிச் சீட்டு அவர் கையெழுத்துதான். தான் எழுதியதைத் தானே படிக்க முடியாமல், "எந்த மடையன்டா இப்படிக் கிறுக்கினவன்" என்று திட்டிக்கொண்டே ஆறு மாதம் இரண்டு விரலால் தட்டினார். மொத்தம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வரி.

கடைசிப் பெட்டி காலியான அன்று ஒரு போன் வந்தது. தலைமை அலுவலகத்தில் சர்வர் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் பெண் பேசினாள்.

"சார், எல்லாம் வந்து சேர்ந்துடுச்சு. இவ்வளவு சுத்தமா வேற எந்தக் கிளையும் ஏத்தல. நீங்களே இதை அலசிப் பாக்கறீங்களா? எந்த லிஃப்ட் அதிகமா நிக்குது, எந்த மாசம், எந்த நேரம், எல்லாம் கேக்கலாம்."

"இந்தக் கம்ப்யூட்டர்லயாம்மா? இதுக்கு ஆஸ்துமா. ஒரு பைலத் திறக்கறதுக்குள்ள நான் கீழ போய் டீ குடிச்சிட்டு வந்துடலாம்."

"உங்க மெஷின்ல எதுவுமே ஓட வேண்டாம் சார். ப்ரவுசர் திறந்தா போதும். நான் குடுக்கிற அட்ரஸ அடிச்சு, பேரும் பாஸ்வேர்டும் போடுங்க. கணக்கு போடறது எல்லாம் இங்க சர்வர்ல நடக்கும். விடை மட்டும் உங்க ஸ்கிரீனுக்கு வரும்."

கிரீஸ் கொஞ்சம் யோசித்தார். "அப்ப மோட்டார் மொட்டை மாடில. நம்மகிட்ட பொத்தான் மட்டும். அப்படித்தானே?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அதேதான் சார். இனிமே எல்லாருக்கும் நானும் இப்படியே சொல்லப் போறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ப்ரவுசரில் ஒரு வெள்ளைப் பக்கம் திறக்கும். இடது பக்கம் நாம் கேட்பதை வரி வரியாக எழுத வேண்டும், வலது பக்கம் விடையோ படமோ வரும். முதல் வாரம் எதை எழுதினாலும் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. போன் போட்டு, "என்னம்மா, வாயத் திறந்தாலே திட்டுது" என்று முறையிட்டார்.

"திட்டல சார். எந்த வரில தப்புன்னு சொல்லுது. மூணாவது வரி கடைசில ஒரு அடைப்புக்குறி மூடாம இருக்கு பாருங்க."

மூடினார். வேலை செய்தது. கதவு மூடாவிட்டால் லிஃப்டும்தான் கிளம்பாது, இதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று அன்றைக்கே சமாதானமாகிவிட்டார்.

இன்னொரு நாள், பாதி வேலையில் ஆபீசில் கரண்ட் போனது. இரண்டு மணி நேரம் எழுதியதெல்லாம் போயிற்று என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கரண்ட் வந்து மறுபடி உள்ளே நுழைந்தால், விட்ட வரியில் விட்டபடியே எல்லாம் இருந்தது. அவர் இருட்டில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அங்கே கணக்கும் முடிந்திருந்தது. ஏணியிலிருந்து விழுந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று டயர் கடைக்காரர் சொன்னார். சிரிப்புச் சத்தம் கீழே வரை கேட்டதாம்.

இந்த நேரத்தில்தான் மேனேஜர் அவர் மேஜைக்கு வந்தார். மேனேஜர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். நின்றுகொண்டே டீ குடிப்பார், நடந்துகொண்டே கையெழுத்துப் போடுவார்.

"கிரீஸ், போன வருஷம் யார் பாக்கிற லிஃப்ட் அதிகமா நின்னிருக்குன்னு அந்தக் கம்ப்யூட்டர்ல கேட்டுச் சொல்ல முடியுமா?"

"ஒரு நிமிஷ வேலை சார்" என்றார் கிரீஸ், பெருமையோடு. இரண்டு வரி எழுதினார். திரையில் நான்கு பட்டைகள் எழுந்து நின்றன, மெக்கானிக்குக்கு ஒன்றாக. மூன்று பட்டைகள் ஏறக்குறைய ஒரே உயரம். நூற்று நாற்பது, நூற்று முப்பத்தொன்று, நூற்றுப் பதினெட்டு. நான்காவது மட்டும் தனியாக ஓங்கி நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு. அதன் கீழே நெட்டையின் பெயர்.

"படத்துலயும் நெட்டைதான் ஒசரம்" என்று மேனேஜர் சொன்னார். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "இன்னொண்ணு பாருங்க. அவன் எழுதின சீட்டுல நாப்பதுக்குக் கிட்ட 'சோதித்தேன், கோளாறு இல்லை'ன்னு இருக்கு. கோளாறு இல்லாமலா ஜனங்க போன் பண்றாங்க? போய்ப் பாக்காமலே எழுதறானோ என்னவோ. இதை அச்சு எடுத்துக் குடுங்க."

கிரீஸ் அச்சு எடுத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான், என்ன கொடுத்தோம் என்பது உறைத்தது.

மறுநாளே விஷயம் பரவிவிட்டது. மாதக் கடைசிக் கூட்டத்தில் நெட்டையை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு. நெட்டை படியேறி வந்து மேஜைக்கு முன்னால் நின்றான். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"அந்தப் படத்தைப் போட்டது நீங்களாண்ணே?"

"ஆமாடா. கேட்டாங்க, போட்டேன்."

"பதினாலு வருஷம் ஒரே வண்டில போனோம். நான் போய்ப் பாக்காம எழுதுவேனா?"

கிரீஸ் உடனே 'மாட்டாய்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டு என்ற எண் அவர் கண்முன் வந்து நின்றுகொண்டது. ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருந்துவிட்டார். நெட்டைக்கு அது போதுமானதாக இருந்தது. திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டான்.

அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "என்னங்க, முட்டி வலிக்குதா?" என்று கேட்டார். கிரீஸ் நடந்ததைச் சொன்னார்.

"இப்ப என்ன, அந்தத் தம்பி மோசமான வேலைக்காரன்னு நினைக்கிறீங்களா?"

"நினைக்கல. ஆனா எண் பொய் சொல்லுமா?"

"எங்க கடையில யாரு குடுத்த கண்ணாடி அதிகமாத் திரும்பி வருதுன்னு எண்ணினா, நான்தான் முதல்ல நிப்பேன். ஏன் தெரியுமா? வயசானவங்க எல்லாரையும் என் பக்கம் அனுப்பிடறாங்க. கிட்டப் பாக்க ஒண்ணு, எட்டப் பாக்க ஒண்ணுன்னு ரெண்டும் சேர்ந்த கண்ணாடி. ஒரு தடவைல யாருக்கும் ஒத்து வராது. பக்கத்துல இருக்கிற பொண்ணுகிட்ட வர்றதெல்லாம் காலேஜ் பசங்க. ரெண்டு பேரையும் ஒரே தராசுல வைச்சா நான் செத்தேன்."

கிரீஸ் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "என் பழைய லிஃப்ட் எல்லாம் அவன்கிட்டதானே இருக்கு" என்றார் மெதுவாக.

"அதைத்தான் நானும் சொல்றேன். முதல்ல சாப்பிடுங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் பூட்டியிருக்கும். ஆனால் அந்தப் பக்கத்தைத் திறக்க ஆபீஸ் தேவையில்லையே. மனைவியின் டேப்லெட்டை வாங்கி, ஜன்னல் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து, அதே அட்ரஸை அடித்தார். அதே பக்கம், அதே பன்னிரண்டாயிரம் வரி. துணி உலர்த்தும் கொடிக்கும் பக்கத்து வீட்டு ரேடியோவுக்கும் நடுவில் வேலை தொடங்கியது.

இருபது வருடத்துக்கு மேற்பட்ட லிஃப்டுகளைப் 'பழசு' என்றும் மற்றதைப் 'புதுசு' என்றும் பிரித்தார். நெட்டை பார்ப்பது நாற்பத்தாறு லிஃப்ட். அதில் முப்பத்தெட்டு பழசு. மற்ற மூன்று பேரும் ஆளுக்கு நாற்பத்தைந்து பார்க்கிறார்கள், ஆனால் மூன்று பேரிடமும் சேர்த்தே பழசு முப்பதுதான். பிறகு ஒரு லிஃப்ட் வருடத்துக்கு எத்தனை தடவை நிற்கிறது என்று கேட்டார். மற்றவர்களிடம் இருக்கும் பழைய லிஃப்ட் ஆறு தடவை நின்றிருந்தது. நெட்டையிடம் இருப்பது ஐந்து தடவையும் கொஞ்சமும். புதுசில் அவனும் மற்றவர்களும் ஏறக்குறைய சமம்.

இரண்டு தடவை சரிபார்த்தார். மூன்றாவது தடவை மனைவியைக் கூப்பிட்டு, எண்களை வாய்விட்டுப் படித்துக் காட்டினார்.

"அப்ப அந்தத் தம்பி மத்தவங்களைவிட நல்லாத்தானே பாத்திருக்கு" என்றார் மனைவி, ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே.

"நல்லாத்தான் பாத்திருக்கான். நான்தான் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டுட்டேன்."

ஆனால் மேனேஜர் சொன்ன இன்னொரு விஷயம் மிச்சம் இருந்தது. 'கோளாறு இல்லை' என்று எழுதிய சீட்டுகள். அவற்றை மட்டும் தனியாக எடுத்தார். பல கட்டடங்களில் சிதறிக் கிடக்கும் என்று எதிர்பார்த்தார். ஆனால் ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றில் மட்டும் முப்பத்தொரு சீட்டு குவிந்திருந்தது. கிழமை வாரியாகப் பிரித்தார். முப்பத்தொன்றில் இருபத்தொன்பது புதன்கிழமை. நேரம் கேட்டார். எல்லாமே காலை பத்திலிருந்து பதினொன்றரைக்குள்.

லிஃப்டுக்குக் கிழமை தெரியாது. அப்படியென்றால் புதன்கிழமை காலையில் அங்கே யாரோ, ஏதோ செய்கிறார்கள்.

சர்வரைப் பார்க்கும் பெண்ணுக்குத் திங்கட்கிழமை காலையில் போன் செய்து, தன் கணக்கில் தப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அவள் தன் இடத்திலிருந்தே அவர் எழுதிய வரிகளைத் திறந்து படித்தாள். "தப்பு இல்ல சார். ஆனா புதன்கிழமை என்னன்னு சர்வருக்குத் தெரியாது. அதை நீங்கதான் போய்ப் பாக்கணும்."

புதன்கிழமை ஒன்பதரை மணிக்கே கிரீஸ் அந்தக் குடியிருப்புக்குப் போய்விட்டார். கீழ்த்தளத்தில் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். லிஃப்ட் ஒழுங்காக ஏறி இறங்கியது. காதைச் சாய்த்துக் கேட்டார். வயதான சத்தம்தான், ஆனால் நோய்ச் சத்தம் இல்லை.

பத்து மணிக்கு, மேல் மாடியில் எங்கேயோ வாளி இழுபடும் சத்தம் கேட்டது. லிஃப்டில் ஏழாவது மாடிக்குப் போனார். துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருவர், முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். தண்ணீர் நுரையோடு ஓடி வந்து, லிஃப்ட் கதவு ஓடும் பள்ளத்தில் இறங்கி, உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் நினைத்து முடிப்பதற்குள் லிஃப்ட் நின்றுவிட்டது. பொத்தானில் விளக்கே எரியவில்லை.

"அய்யோ, மறுபடியும் நின்னுடுச்சா?" என்றார் அந்த அம்மா. "இந்த லிஃப்டுக்கு என்மேல என்ன கோபமோ தம்பி. நான் ஏழு மாடியும் கழுவ வர்ற நாளாப் பாத்து நிக்குது. வாளியத் தூக்கிட்டுப் படியில இறங்கி இறங்கி என் இடுப்பே போச்சு."

"எல்லாப் புதன்கிழமையும் இப்படித்தானாக்கா?"

"முக்காவாசி. அந்த ஒசரமான தம்பி வரும் பாருங்க, பாவம், அது வர்றதுக்குள்ள லிஃப்ட் தானாவே ஓட ஆரம்பிச்சிடும். அந்தத் தம்பி ஒவ்வொரு மாடியாத் திறந்து திறந்து பாக்கும். ஒண்ணும் கிடைக்காது. ஒரு தடவை மதியம் வரைக்கும் உக்காந்து பாத்துச்சு."

கிரீஸ் சுவரில் கை ஊன்றிக் குனிந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று லிஃப்டுக்குச் சொல்லும் சின்ன மின்தொடர்பு ஒன்று ஒவ்வொரு மாடியிலும் கதவுக்கு மேலே இருக்கும். அந்தப் பழைய கட்டடத்தில் மேல் மாடியில் சொட்டிய தண்ணீர் நேராகக் கீழ் மாடியின் தொடர்பில்தான் விழுந்தது. அது நனைந்தால் லிஃப்ட் பத்திரமாக நின்றுவிடும். காய்ந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். நெட்டை வருவதற்குள் காய்ந்துவிடும். அவன் சோதித்தது உண்மை. கோளாறு இல்லை என்று எழுதியதும் உண்மை.

"அக்கா, தண்ணிய லிஃப்ட் பக்கம் தள்ளாம படிக்கட்டுப் பக்கம் தள்ள முடியுமா?"

"அந்தப் பக்கம்தான் குழாயே இருக்கு. யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா அப்படியே பண்ணியிருப்பேனே. என்கிட்ட யாரு கேட்டா?"

உண்மைதான், யாரும் கேட்கவில்லை. கிரீஸ் தன் போனில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு, ஏழு மாடியும் படியிலேயே இறங்கினார். அன்றைக்கு முட்டி வீங்கிவிட்டது.

வியாழக்கிழமை மேனேஜர் அறைக்குப் போனார். நின்றுகொண்டே டீ குடித்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்து, "சார், இன்னிக்கு நீங்க உக்காரணும்" என்றார். மேனேஜர் ஆச்சரியப்பட்டு உட்கார்ந்தார். அவருடைய கம்ப்யூட்டரிலேயே ப்ரவுசரைத் திறந்து உள்ளே நுழைந்து, கிரீஸ் ஒவ்வொன்றாகக் காட்டினார். முதலில் பழைய படம், பிறகு பிரித்த படம், பிறகு புதன்கிழமைகள். கடைசியில் போனிலிருந்த நுரைத் தண்ணீர்.

மேனேஜர் டீ டம்ளரை மேஜையில் வைத்தார். பிறகு, "முதல் படத்தை நீங்கதானே குடுத்தீங்க?" என்றார்.

"ஆமா சார். நீங்க கேட்டதுக்கு அதுதான் சரியான பதில். கேள்விதான் அரைகுறை. அதை அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்மேலயும் இருக்கு."

மாதக் கடைசிக் கூட்டத்தில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் அந்த அச்சுத்தாளைக் கிழித்தார். நெட்டையிடம், "மனசுல வைச்சுக்காதப்பா" என்றார். பழைய லிஃப்டுகளை நான்கு பேருக்கும் சமமாகப் பிரிக்கச் சொன்னார். மற்ற மூன்று பேரும் முணுமுணுத்தார்கள், பிறகு சாவியை வாங்கிக்கொண்டார்கள். அந்த ஏழு மாடிக் குடியிருப்பில் நெட்டை ஒவ்வொரு கதவின் முன்னாலும் தண்ணீர் தாண்டாமலிருக்க மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்றை அடித்தான். அடுத்த மூன்று மாதம் அங்கிருந்து ஒரு புதன்கிழமைகூட போன் வரவில்லை.

வேலை பிழைத்தது. ஆனால் நெட்டை கிரீஸிடம் பேசவில்லை. ஆபீசுக்கு வந்தால் சீட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவான். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். மூன்றாவது வாரம், அவன் படியிறங்கும்போது பின்னாலேயே கைப்பிடியைப் பிடித்து இறங்கிப் போய், டயர் கடை வாசலில் மடக்கினார்.

"டேய், நில்லு. அன்னிக்கு நீ கேட்டதுக்கு நான் உடனே பதில் சொல்லல. அது என் தப்பு. உன்னப் பத்தி எனக்குத் தெரியும், ஆனா அந்த எண்ணப் பாத்து பயந்துட்டேன். இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

நெட்டை டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஏழு மாடி படியில இறங்குனீங்களாமே. அந்தக்கா சொன்னாங்க."

"லிஃப்ட் நின்னு போச்சுடா. வேற வழி?"

"டாக்டர் மெதுவா ஏறச் சொன்னாரு, ஏழு மாடி இறங்கச் சொன்னாரா? அறிவிருக்கா உங்களுக்கு?" என்று நெட்டை கத்தினான். பதினான்கு வருடமாகக் கேட்டுப் பழகிய கத்தல் அது. கிரீஸுக்கு நெஞ்சு லேசானது. கடைக்காரர் இரண்டு டீ சொன்னார்.

இப்போது கிரீஸின் மேஜைக்கு மற்றக் கிளைகளிலிருந்தும் போன் வருகிறது. "அண்ணே, எங்க ஊர் லிஃப்டையும் கொஞ்சம் அலசிப் பாருங்க" என்கிறார்கள். அவர் அதே ப்ரவுசரில், அதே பக்கத்தில், அவர்களுடைய சீட்டுகளையும் திறந்து பார்க்கிறார். கம்ப்யூட்டரை மாற்றித் தரட்டுமா என்று மேனேஜர் கேட்டதற்கு, அது மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை, நாற்காலியை மாற்றுங்கள், முட்டிக்குத் தோதாக உயரமாக வேண்டும் என்றார். ஆள்வாரியாகக் கணக்கு கேட்கிற யாரிடமும், யார் கையில் எவ்வளவு பழசு என்று முதலில் சொல்லுங்கள், பிறகு படம் தருகிறேன் என்று சொல்லிவிடுகிறார். அதில் மட்டும் பிடிவாதம்.

சில மாலைகளில் நெட்டை வேலை முடித்துவிட்டு மேலே வந்து அவர் பக்கத்தில் உட்காருகிறான். சென்ற வாரம், மழைக் காலத்தில் மோட்டார் கோளாறு அதிகமாகிறதா என்று ஒரு சர்ச்சை. ஆகிறது என்கிறான் நெட்டை. இல்லை, அது வெறும் நினைப்பு என்கிறார் கிரீஸ்.

"அப்ப கேட்டுப் பாத்துடலாமே" என்றான் நெட்டை.

"கேப்போம். ஆனா கேக்கறதுக்கு முன்னாடி எதை எதைப் பிரிக்கணும்னு யோசி" என்று சொல்லிவிட்டு, கிரீஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.